மத்தியா, மாத்திரையா?

பாம்பனில் சர்க்கரை நோயுள்ள என் பெரியப்பா தினமும் மீன் எண்ணெய் மாத்திரை விழுங்குவார். மத்தி வைத்தால் "முள் அதிகம்" என்று ஒதுக்கிவிடுவார். சர்க்கரை நோய் கெடுக்கும் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களை மாத்திரை காக்குமா? அமெரிக்காவில் 1,312 சர்க்கரை நோயாளிகளிடம் 5 ஆண்டுகள் சோதித்து 2019-இல் வெளியான முடிவு: சிறுநீரகச் செயல்பாட்டில் மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கும் மீன் எண்ணெய் மாத்திரைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

சரி, மீன்? வாரம் இருமுறை கொழுப்புள்ள மீன் தின்னும் அளவுக்கு ஒமேகா-3 (மீன் எண்ணெயில் உள்ள கொழுப்பு) உணவில் பெற்ற ஸ்பெயின் சர்க்கரை நோயாளிகளுக்கு, பார்வையைப் பறிக்கும் விழித்திரை பாதிப்பு குறைவு என்றது 2016 ஆய்வு. ஆனால் அது அவரவர் உணவையும் நோயையும் கவனித்துப் பார்த்தது மட்டுமே. மீன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் என் ஓட்டு மத்திக்கே. புளி கரைத்து, மண்சட்டியில், பொரிக்காமல். கருவாடு கணக்கில் வராது, அதில் உப்பு அதிகம்.