ஸ்பாஞ்சு எத்தனை நாள் வரும்? மூன்று ஆண்டுக் கணக்கு

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஐந்து பேர், மூன்று வேளையும் சமையல். பாத்திரம் தேய்க்கப் புது ஸ்பாஞ்சு எடுக்கும் அன்று சமையலறை நாள்காட்டியில் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். மூன்று ஆண்டாக இந்தப் பழக்கம்.

முதல் ஆண்டு முழுக்க வாங்கியது பத்து ஸ்பாஞ்சு இரண்டு வெள்ளி என்று கிடைக்கும் மெல்லிய ரகம். நாலே நாளில் பச்சைப் பக்கம் பசை விட்டு, வாடின இலை மாதிரி தனியாக உரிந்து வந்துவிடும். மாதத்துக்கு ஏழெட்டு; ஒன்றரை வெள்ளி. அடுத்து, மூன்று சேர்ந்து 3.60 வெள்ளிக்கு விற்ற தடித்த ரகத்துக்கு மாறினேன். அதைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக்கொள்கிறேன். பாதித் துண்டு கைக்குள் அடக்கமாக இருக்கிறது, டம்ளருக்குள்ளும் நுழைகிறது, மூன்று வாரம் தாங்குகிறது. மாதச் செலவு ஒரு வெள்ளிக்கும் குறைவு.

மூன்று வாரத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. முன்பெல்லாம் கொதிநீரில் போட்டெடுத்து நாளைக் கடத்துவேன். 2017இல் ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்தார் வீடுகளில் புழங்கிய 14 ஸ்பாஞ்சுகளைச் சோதித்தபோது, அடிக்கடி சுத்தப்படுத்தி வைத்தவற்றிலும் கிருமி குறைவாக இல்லை என்று தெரிந்ததாம். அதைப் படித்ததும் கொதிக்க வைப்பதை நிறுத்தினேன்.

ஸ்பாஞ்சைச் சீக்கிரம் கெடுப்பது எங்கள் வீட்டில் தோசை மாவுதான். மாவுப் பாத்திரத்தை நேராக ஸ்பாஞ்சால் தேய்த்தால் துளைகளுக்குள் மாவு போய் அடைத்துக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே ராத்திரியில் அது புளித்துவிடும். காலையில் பிழிந்தால் வெள்ளையாகக் கசிந்து வாடை அடிக்கும். இப்போது மாவை முதலில் கையாலேயே வழித்துக் கழுவிவிடுகிறேன். "ஏம்மா, அதைத் தண்ணியிலயே போட்டு வச்சா ஊறிப் போகாதா?" என்று மாமியார் கேட்ட பிறகு, ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறப்போடுவதையும் விட்டேன். இறுகப் பிழிந்து, ஜன்னல் பக்கம் கிளிப்பில் தொங்குகிறது.

பச்சை நாரில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான துகள்கள் ஒட்டியிருக்கும். எவர்சில்வருக்கு அது சரி. அது தெரியாமல் நான்ஸ்டிக் தவாவைத் தேய்த்துக் கோடு கோடாக்கினேன், தூக்கிப்போட வேண்டியதாயிற்று. ஸ்பாஞ்சில் மிச்சம் பிடித்த காசெல்லாம் அந்த ஒரு தவாவில் போனது. நான்ஸ்டிக்குக்கு மஞ்சள் பக்கம் மட்டும் போதும்.

அடிப்பிடித்த குக்கருக்குத் துருப்பிடிக்காத சுருள் கம்பி நார், ஒன்று ஆறு மாதம் உழைக்கிறது. மெல்லிய இழைக் கம்பிப் பஞ்சு வேண்டவே வேண்டாம்: ஒரு நாளில் துரு, போதாததற்கு இழை ஒடிந்து இட்லித் தட்டுக் குழியில் கிடந்தது. பிள்ளை சாப்பிடும் முன் கண்ணில் பட்டது நல்லதாயிற்று. இரும்பு தோசைக்கல்லுக்கு மாமியாரின் தேங்காய் நார்தான். காசே இல்லை, கல் பழகின பழக்கமும் போவதில்லை.

மூன்று வாரம் முடிந்த துண்டு குளியலறைக்குப் போகும். போகும் முன் ஒரு மூலையை வெட்டிவிடுவேன், மறுபடி சமையலறைத் தொட்டிக்கு வந்துவிடக் கூடாதே என்று.