கட்டையா, படுக்கையா: திறந்தவெளியில் முதல் காளான்

இரண்டையும் ஒரே வாரத்தில்தான் தொடங்கினேன். ஒரு பக்கம் ஆறு ஓக் கட்டைகளில் ஷிடாகே காளான். இன்னொரு பக்கம், மரநிழலில் மரச்சில்லு கொட்டிப் பரப்பிய படுக்கையில் ஒயின் கேப் என்ற காளான். கட்டைகளுக்கு சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழுசாகப் போனது. படுக்கைக்கு ஒன்றரை மணி நேரம். எதில் அதிகம் உழைத்தேனோ அதுதான் நன்றாக வரும் என்று நம்பியிருந்தேன். நாலாம் மாதம் படுக்கையில் காளான் பறித்தேன். ஆறு கட்டைகளில் காளான் தந்தவை இரண்டே இரண்டு, அதுவும் 14-ஆம் மாதத்தில்.

ஆகவே என் மனசு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை. முதல்முறை வளர்ப்பவர் படுக்கையில் தொடங்குவதே நல்லது. சீக்கிரம் காய்க்கும், வேலை குறைவு என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். இரண்டுக்கும் நிழல் வேண்டும். இரண்டுக்கும் புதிதாகத் தயாரித்த வித்து, அதாவது காளானின் வெள்ளை இழை படர்ந்த மரத்தூளோ மரமுளையோ, வேண்டும். மாதக்கணக்கில் கிடந்த வித்தை நம்பிக் கட்டையோ படுக்கையோ போட முடியாது. இரண்டையும் நத்தைகள் நமக்கு முன்னால் ருசி பார்த்துவிடும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

கட்டை முறையில் மரம் இலையுதிர்ந்து ஓய்ந்திருக்கும் காலத்தில் வெட்டிய கட்டை வேண்டும். 10 முதல் 15 செ.மீ. தடிமன், ஒரு மீட்டர் நீளம், பட்டை உரியாமல் இருக்க வேண்டும். வெட்டிச் சில வாரங்களுக்குள் வித்து ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு பூசணங்கள் குடியேறிவிடும். டிரில் மெஷினால் வரிசையாகத் துளை போட்டு, வித்தேறிய மரமுளைகளைச் சுத்தியலால் அடித்து இறக்கி, ஒவ்வொரு துளையையும் உருக்கிய மெழுகால் மூட வேண்டும். ஒரு கட்டைக்கு நாற்பது, ஐம்பது துளை. ஆறு கட்டைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டு முடிப்பதற்குள் என் தோள்பட்டை ஓய்ந்துவிட்டது. அப்புறம் 6 முதல் 18 மாதம் காத்திருப்பு.

படுக்கைக்கு இவ்வளவு சடங்கு இல்லை. தரையில் நனைத்த அட்டைப்பெட்டிகளை விரித்து, மேலே நான்கைந்து செ.மீ. மரச்சில்லு. அதன் மேல் வித்தை உதிர்த்துத் தூவி மறுபடி சில்லு, மறுபடி வித்து, கடைசியில் மூடாக்காகக் கொஞ்சம் வைக்கோல். மொத்த உயரம் ஒரு சாண் இருந்தால் போதும். சில்லு புதிதாக அரைத்ததாக இருக்கட்டும். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் சில்லு மட்டுமே கிடைத்தால் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம், ஈரம். காளான் வளர்ப்பில் பராமரிப்பு என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி ஈரத்தைக் காப்பதுதான். காளானிலேயே ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். இழை படரும் இடம் காய்ந்தால் கதை முடிந்தது. ஷிடாகே கட்டைக்குள் 35 முதல் 45 சதவீதம் ஈரம் நிற்க வேண்டும், 30-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்பது படித்தே தெரிந்துவைத்திருந்தேன். தெரிந்து என்ன பயன்? கட்டையை வெளியிலிருந்து பார்த்தால் பட்டைதான் தெரிகிறது. மழைத் தண்ணீர் பட்டால் பட்டை கறுத்துப் பளபளக்கிறது, உள்ளே நனைந்ததா என்று சொல்வதில்லை. வெட்டுமுகத்தில் லேசாக வெள்ளை தெரிந்ததும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒன்றும் தராத நாலு கட்டைகளில் ஒன்றைக் கோடாரியால் பிளந்து பார்த்தேன். துளையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அதற்கு அப்பால் உலர்ந்த பழுப்பு மரம், அடுப்பில் வைத்தால் உடனே பற்றிக்கொள்ளும் போல. இழை போக ஆசைப்பட்டிருக்கிறது, வழியில் தண்ணீர் இல்லை. நான் கட்டைகளைச் சாத்தி வைத்த மூலையில் நாள் முழுக்கக் காற்று வீசும் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

இதைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. கட்டை வெட்டும்போதே அதே மரத்தில் ஒரு வட்டு வெட்டி எடை பார்த்து, அடுப்பில் முழுக்க உலர்த்தி மறுபடி எடை பார்த்தால் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று தெரிந்துவிடும். 10 கிலோ கட்டையில் 45 சதவீதம் தண்ணீர் என்றால் காய்ந்த மரம் 5.5 கிலோ. அந்தக் கட்டை 8 கிலோவை நெருங்கினால் ஈரம் 31 சதவீதம், உடனே ஊற வைக்க வேண்டும். அழகான கணக்கு. முதல்முறை வளர்ப்பவர் எத்தனை பேர் இதைச் செய்வார்கள்? நான் செய்யவில்லை.

படுக்கையில் கையை விட்டால் போதும். ஒரு பிடி சில்லை அள்ளிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. என் படுக்கையும் ஒருமுறை காய்ந்தது. பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது மேல்சில்லு மொறுமொறு என்று இருந்தது. மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அட்டைக்குப் பக்கத்தில் நூல்நூலாக வெள்ளை இழை, ஒரு சில்லைப் பிடித்து இழுத்தால் ஏழெட்டுச் சில்லு கோத்த மாதிரி சேர்ந்து வந்தது. மழை விட்ட காட்டு மண்ணின் வாசனை. மூன்று நாள் தண்ணீர் தெளித்ததும் இழை மேல்சில்லுக்கும் ஏறி வந்துவிட்டது. தப்பு செய்த அன்றைக்கே தப்பு தெரிகிறது, திருத்தவும் நேரம் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு வேகமான விளைச்சலைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கட்டையில் இன்று செய்த தப்பு அடுத்த வருடம்தான் வாயைத் திறக்கும்.

கட்டைக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பிழைத்த கட்டை 3 முதல் 5 வருடம் தரும். படுக்கைக்கு வருடாவருடம் புதுச் சில்லு போட்டாக வேண்டும், இல்லையென்றால் இழை சாப்பிட்டு முடித்துவிட்டு ஓய்ந்துவிடும். கட்டையை ஒரு நாள் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து எடுத்தால் ஒரு வாரம், பத்து நாளில் மொட்டு விடும். அப்புறம் ஆறு, எட்டு வாரம் ஓய்வு கொடுக்க வேண்டும். படுக்கை நம் பேச்சைக் கேட்காது, மழைக்கும் குளிருக்கும்தான் கேட்கும்.

படுக்கையின் உண்மையான குறை வேறு. மரச்சில்லில் நாம் விதைக்காத காளான்களும் முளைக்கும். அவற்றில் கலெரினா மார்ஜினாட்டா மாதிரி ஈரலைக் கொல்லும் நஞ்சுள்ளவையும் உண்டு. சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது, சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்துத்தான் வாந்தி வயிற்றுப்போக்கே தொடங்கும். ஆகவே பறித்த காளானின் குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவு முழுக்க விடுவேன். ஒயின் கேப் என்றால் ஊதா கலந்த கறுப்புத் தூள் விழும், கலெரினா என்றால் துருப்பிடித்த பழுப்பு. தூளை மட்டும் நம்புவதும் கிடையாது. ஒயின் சிவப்புக் குடை, தண்டில் பற்சக்கரம் மாதிரி விளிம்புள்ள வளையம், அடியில் தடித்த வெள்ளை வேர்நூல் எல்லாம் ஒத்துவர வேண்டும். ஒன்று இடித்தாலும் குப்பைதான். குடை விரிந்து தட்டையாகும் முன் பறிப்பதும் நல்லது. பெரிதாகட்டும் என்று காத்திருந்தால் புழுவுக்குத்தான் விருந்து.

வைக்கோலில் சிப்பிக்காளான் போடலாமே என்று கேட்பார்கள். வேகம் என்று பார்த்தால் அதுதான் முதல், நாலைந்து வாரத்தில் காளான். ஆனால் வைக்கோலை 65 முதல் 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும், இரண்டு மூன்று அறுவடையில் முடிந்தும் விடும். நான் வெளியில் இரண்டே முறை போட்டேன். ஒன்று நன்றாக வந்தது, மற்றதில் பச்சைப் பூசணம். இதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். வருடம் முழுக்க 30 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடம் என்றால் நான் சொன்ன இரண்டையும்விட, சூட்டை விரும்பும் பால்காளானோ வைக்கோல் காளானோ பொருத்தமாக இருக்கலாம். அவற்றை நான் வளர்த்ததில்லை, வளர்த்தவர்களிடம் கேளுங்கள்.

கட்டையை நான் கைவிட்டுவிடவில்லை. செத்த நாலும் இப்போது படுக்கைக்கு வரப்பு. போன மாதம் புதிதாக மூன்று கட்டைகளில் வித்து ஏற்றி, காற்றுப்படாத பக்கமாகக் கிடத்தியிருக்கிறேன். இந்த முறை வட்டு வெட்டி எடையும் பார்த்தாயிற்று. வெட்டுமுகத்தில் மார்க்கரால் எழுதியும் வைத்திருக்கிறேன்: 9.6, 10.2, 8.8.