சஸ்பெண்ட் செய்வதா, உட்கார்த்திப் பேச வைப்பதா?

பள்ளி ஒழுங்குக் குழுவில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்றைக்கோ நாளைக்கோ வரத்தான் செய்யும். எங்களுக்குப் போன வருடம் வந்தது. வகுப்பில் சத்தமாகப் படிக்கும்போது திக்கும் ஒரு பையனை, கூடப் படிக்கும் இன்னொருவன் தெரியாமல் வீடியோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். இருவரும் ஒன்பதாம் வகுப்பு. திக்கும் பையன் நான்கு நாள் பள்ளிப் பக்கமே வரவில்லை.

எங்கள் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, வழக்கம்போல ஐந்து நாள் சஸ்பென்ஷன். இன்னொன்று, மறுசீரமைப்பு நீதி என்று சொல்கிறார்களே, அந்த முறை: தவறு செய்தவர், பாதிக்கப்பட்டவர், இரு வீட்டார், நடுவில் ஓர் ஒருங்கிணைப்பாளர் என எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, என்ன நடந்தது, யாருக்கு என்ன வலி, அதைச் சரிசெய்ய யார் என்ன செய்யப்போகிறார் என்று பேசி முடிவெடுப்பது. இரண்டாவதை எடுத்தோம். இப்போது கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன், ஒரே ஒரு நிபந்தனையோடு.

சஸ்பென்ஷனைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒரு கடிதம், ஒரு கையெழுத்து, அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இது தப்பு என்று மற்ற பிள்ளைகளுக்கும் பளிச்சென்று தெரியும். அந்தப் பையன் ஐந்து நாளும் வீட்டில் போன் பார்த்துவிட்டுத் திரும்புவான் என்பது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். பாதிக்கப்பட்டவனிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியதே இல்லை என்பதுதான் அதன் பெரிய குறை.

கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். முதலில் இருவரிடமும் தனித்தனியாக இரண்டு முறை பேசினோம். 'வர விருப்பமில்லை என்றால் வர வேண்டாம்' என்பதைச் சும்மா சொல்லாமல் நிஜமாகவே சொன்னோம். கூட்ட நாளில் ஒருங்கிணைப்பாளர், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டபோது மன்னிப்பு என்ற பதிலுக்குத்தான் எல்லோரும் தயாராக இருந்தோம். அவனோ, சொல் சொல்லாக நிறுத்தி, "அது யார் யார் போன்ல இருக்குன்னு எனக்குத் தெரியணும். அழிச்சுட்டாங்கன்னு தெரியணும்" என்றான். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மற்றவன் ஒரு தாள் கேட்டு வாங்கிப் பெயர்களை எழுத ஆரம்பித்தான். எழுதி முடித்தபோது 31 பெயர். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, தன் கண் முன்னால் அழிக்கச் சொல்லி, டிக் போட வேண்டும் என்று முடிவானது. எந்தக் குழு உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு தண்டனை தோன்றியிருக்காது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இதை ஒரு வெற்றிக் கதையாகவே எழுதியிருப்பேன். மூன்று வாரம் கழித்து, திக்கும் பையனின் அம்மா போன் செய்தார். "சார், அன்னைக்கு அவ்வளவு நல்லா பேசுனீங்க. அப்புறம் ஒண்ணையும் காணோமே?" தாளை வாங்கிப் பார்த்தேன். 19 டிக்கோடு நின்றிருந்தது. மீதி 12 பேரும் பெரிய வகுப்புப் பிள்ளைகள். அவர்களிடம் போய் நிற்க, வீடியோ எடுத்தவனுக்குப் பயம். நடுவில் யாராவது ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்கும் வேலை யாருடையது என்றே நாங்கள் முடிவு செய்திருக்கவில்லை.

என் கணக்கில் இரண்டு வழிகளுக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் இதுதான். சஸ்பென்ஷனுக்குப் பராமரிப்பே கிடையாது, ஆறாவது நாள் தானாக முடிந்துவிடும். கூட்டத்தில் எடுத்த முடிவு அப்படியில்லை. அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனால், பாதிக்கப்பட்டவரை அது இரண்டாம் முறை ஏமாற்றுகிறது. முதல் முறை ஏமாற்றியவன் ஒரு மாணவன், இந்த முறை பள்ளியே. பிறகு எங்கள் நூலகர் வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி அந்தத் தாளைப் பார்க்க ஆரம்பித்தார். பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் போகும்போது கூடவே போனார். அதற்கு மேலும் நான்கு வெள்ளி ஆனது.

பள்ளிகளில் இந்த முறையைப் பெரிய அளவில் சோதித்தவற்றில் பிட்ஸ்பர்க் ஆய்வு முக்கியமானது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் அந்த நகரின் 44 பள்ளிகளில் இரண்டு கல்வியாண்டுகள் ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டது. சஸ்பென்ஷனில் போன நாட்கள் குறைந்தன. பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் மாணவர்களின் தேர்வு மதிப்பெண் சரிந்தது. இந்த முறையைப் புகழ்பவர்கள் முதல் பாதியையும் திட்டுபவர்கள் இரண்டாம் பாதியையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கையாண்டது நான்கே கூட்டங்கள் என்பதால் எனக்கு ஒரு பக்கம் சாய்ந்து அடித்துப் பேசத் தைரியமில்லை.

நீதிமன்றத்தில் எனக்கு அனுபவம் கிடையாது, படித்ததுதான். அங்கேயும் கூட்டம் நன்றாக நடந்த கதைகளை விட, நடந்த பிறகு யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதைத்தான் தேடிப் படிக்கிறேன். கனடாவின் எல்மைராவில் 1974-ல் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் கைவரிசை காட்டி டயர் கிழித்தார்கள், கண்ணாடி உடைத்தார்கள். நன்னடத்தை அதிகாரி மார்க் யான்ட்ஸி, பாதிக்கப்பட்டவர்களை அவர்கள் நேரில் சந்தித்தால் என்ன என்று கேட்க, நீதிபதியும் சம்மதித்தார். இந்த முறையின் தொடக்கமாக எல்லோரும் சொல்லும் கதை இது. யான்ட்ஸி யோசனை சொன்னதோடு விடவில்லை, அந்த இளைஞர்களோடு வீடு வீடாகக் கூடவே போனார் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் நூலகர் செய்ததும் அதுதானே! நியூசிலாந்து 1989-ல் குடும்பக் கூட்டத்தைச் சிறார் சட்டத்திலேயே எழுதி, அதற்கென்று சம்பளத்துக்கு ஒருங்கிணைப்பாளர்களையும் வைத்தது. யாருடைய நல்ல மனதையும் அது நம்பியிருக்கவில்லை.

ஊர், நாடு என்று பெரிதாகப் போகும்போது இதே ஓட்டை இன்னும் பெரிதாகிறது. நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரிக்க அமைந்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996-ல் விசாரணைகளைத் தொடங்கியது. முழு உண்மையைச் சொன்னால் பொதுமன்னிப்பு என்பது ஏற்பாடு, வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றுகூட நிபந்தனை இல்லை. மன்னிப்பு கிடைத்தவர்களுக்கு அது உடனே அமலானது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் உதவித்தொகை கொடுக்கச் சொல்லி ஆணையம் பரிந்துரைத்தது. அரசு 2003-ல்தான் இழப்பீட்டை அறிவித்தது, அதுவும் ஒரே தவணையாக 30,000 ராண்ட். அந்த ஆணையம் வேண்டியதே இல்லை என்று நான் சொல்லவில்லை, அங்கே பேசப்பட்டவை பேசப்பட வேண்டியவைதான். ஆனால் "அப்புறம் ஒண்ணையும் காணோமே?" என்று கேட்க அங்கே ஆயிரக்கணக்கான அம்மாக்கள் இருந்திருப்பார்கள்.

வட்டமாக உட்கார வைக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. ஒருவன் இன்னொருவனை மாதக்கணக்கில் மிரட்டி வந்திருந்தால், ஒரே அறையில் உட்காருவதே மிரட்டலின் தொடர்ச்சியாகிவிடலாம். பாலியல் அத்துமீறல் என்றால் பள்ளிக் குழு அதைக் கையில் எடுக்கவே கூடாது, சட்டப்படி போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். தவறு செய்தவன் 'நான் செய்யவே இல்லை' என்று நின்றாலும் கூட்டத்துக்கு வேலையில்லை.

இப்போது எங்கள் குழுவின் படிவத்தில், பங்கேற்பவர்களின் கையெழுத்துக்குக் கீழே, 'வெள்ளிக்கிழமை பார்ப்பவர்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். போன மாதம் ஒரு வழக்கில் அந்த வரிக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லை. தேர்வு நேரம், எல்லோருக்கும் வேலை. எனக்கு மனசே இல்லைதான், ஆனாலும் சஸ்பென்ஷன் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.