தோல் சோபாவுக்குத் தேங்காய் எண்ணெயா, தோல் கிறீமா?

இலங்கையின் மலைநாட்டில் இருக்கும் எங்கள் நுவரெலியா, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதனால் இங்கே குளிரும் ஈரமும் அதிகம். இந்த ஈரத்தில் தோல் சோபாவுக்கு முதல் எதிரி பூஞ்சணம்.

அம்மா தேங்காய் எண்ணெய்தான் தடவுவார். அன்றைக்குப் பளபளக்கும். ஆனால் 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறைவதால், நம் குளிரில் தையல் இடுக்குகளில் வெள்ளையாகத் தங்கிவிடுகிறது. தூசியைப் பிடிக்கிறது, தோலையும் கருக்கச் செய்கிறது.

தோல் பொருட்களுக்கென விற்கும் கிறீம் விலை கூடியதுதான். ஆனாலும் மெல்லியதாகப் பூசி, மென்துணியால் துடைத்துவிட்டால் தோல் வெடிக்காமல் நெகிழ்வாக இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை போதும். நான் கிறீமைத்தான் சொல்வேன். முதலில் மறைவான மூலையில் பூசிப் பாருங்கள்.

பூஞ்சணத்தின்மேல் எதையும் பூசாதீர்கள். வெளியே எடுத்துத் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். பிறகு சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கணப்படுப்பின் அருகில் மட்டும் வேண்டாம்.