தடைக்காலத்து வஞ்சிரமும் ஒரு வாக்குவம் சீலரும்

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குள் செல்வதில்லை என்பதால், விலை ஏறுவதற்கு முன்பே காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி ஃப்ரீசரில் சேர்த்துவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்காகவே, பையிலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டு அதன் வாயைச் சூட்டில் ஒட்டும் சிறிய வாக்குவம் சீலர் ஒன்றை வாங்கினோம்.

சாதாரணக் கவரில் காற்றோடு கட்டிவைத்த மீனின் ஈரம், உறைந்த நிலையிலிருந்தே ஆவியாகிக் கவருக்குள் பனித்துகளாகப் படிகிறது. துண்டின் ஓரங்கள் வெளுத்து நார்போல ஆகிவிடுகின்றன. இந்த இயந்திரத்தில் பை மீனோடு இறுகப் படிந்துவிடுவதால் அந்தக் குறை இல்லை. தடைக்காலம் முடியும் தறுவாயில் எடுத்த துண்டு தோசைக்கல்லில் உதிரவில்லை. நடுமுள்ளைச் சுற்றிய சதையும் வறண்டிருக்கவில்லை. பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் தட்டையாகப் பரப்பி உறையவைத்ததற்கும் இதில் பங்குண்டு, ஏனெனில் மெதுவாக உறையும் மீனில் பெரிய பனிப்படிகங்கள் உருவாகிச் சதையைக் கிழிக்கும்.

இறால்தான் படுத்தியது. கழுவிய ஈரத்தோடு வைத்தால் தண்ணீர் மேலேறி ஒட்டும் இடத்தை நனைத்துவிடுகிறது. தட்டில் பரப்பி ஒன்றிரண்டு மணி நேரம் விறைக்கவிட்ட பிறகே பையில் போட வேண்டும். தலையையும் நீக்கிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அதன் கொம்பு பையைத் துளைத்துவிடும்.

மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களுக்காக இதை வாங்குவது வீண் என்பேன். மைனஸ் 18 டிகிரியிலும் அவற்றின் கொழுப்பு மெல்லக் காறலெடுக்கும் என்பதால், எப்படி ஒட்டினாலும் இரண்டு மூன்று மாதங்களுக்குள் சமைத்துவிடுவதே நல்லது.

பையை மடிக்கும் விதத்தைப் படம்போட்டு விளக்கும் கையேடு, முக்கியமானதைச் சொல்லவே இல்லை: உறைந்த மீனைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவைக்கும் முன் பையை வெட்டித் திறந்துவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளரும் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் ஒரு வகை, குளிர்பெட்டியின் குளிரிலும் பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடியது. வாடையை வைத்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

உள்ளே வரிவரியாக இருக்கும் பைகளைத்தான் இந்த இயந்திரம் ஏற்கும் என்பதால், பைக்கான செலவு தொடர்ந்துகொண்டே இருக்கிறது. வாரத்துக்கு வாரம் கொஞ்சமாக வாங்குபவர்களுக்கு, ஜிப் பையில் மீனைப் போட்டு, வாய் மட்டும் மேலே தெரியும்படி தண்ணீரில் அமிழ்த்திக் காற்றை வெளியேற்றி மூடினாலே போதும்.