5 லிட்டர் கைப்பம்பா, 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரா?

தோட்டத்துக்கு மருந்தடிக்க ஸ்பிரேயர் தேடினால் எல்லோரும் முதலில் காட்டுவது முதுகில் மாட்டும் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரைத்தான். சுவிட்சைத் தட்டிவிட்டு அடித்துக்கொண்டே போகலாம், ஆசையாகத்தான் இருக்கும். நான் எடுத்தது கையால் காற்றடித்து அழுத்தம் ஏற்றும் 5 லிட்டர் பிரஷர் ஸ்பிரேயர். தொட்டிச் செடிகள், சில காய்கறிப் பாத்திகள், தலைக்கு மேல் போகாத நாலைந்து மரங்கள் என்ற அளவில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னமும் அதையேதான் சொல்வேன்.

விசையை அழுத்தி அடிக்கும் ஒரு லிட்டர் பாட்டில் பத்துத் தொட்டி வரைக்கும் சரி, அதற்கு மேல் விரல் வலிக்கும். ஒரு கையால் நெம்புகோலை ஆட்டிக்கொண்டே மறு கையால் அடிக்கும் முதுகு ஸ்பிரேயர் வயலுக்கு நல்லது. நெருக்கமாகச் செடி வைத்த இடத்தில் அந்தக் கையை ஆட்ட இடம் கிடைக்காது.

பேட்டரி ஸ்பிரேயரின் பெரிய பலம் சீரான அழுத்தம். டேங்க் நிறைந்திருந்தாலும் அடி மட்டத்துக்கு வந்தாலும் ஒரே மாதிரி நுண்துளியாக விழும். கைப்பம்பில் அது கிடையாது. அடிக்க அடிக்க உள்ளே காற்றழுத்தம் இறங்கும், துளி பெருக்கும், இலையில் ஒட்டாமல் வழியும். துளி பெருத்ததும் நிறுத்தி மறுபடி காற்றடிக்க வேண்டும். டேங்கைக் கழுத்து வரை நிரப்பினால் காற்றுக்கு இடமில்லாமல் இன்னும் சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் குறைந்தது கால் பங்கு காலியாக விடுவது நல்லது. ஆனால் பேட்டரி ஸ்பிரேயரில் 16 லிட்டர் நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. அதோடு மெஷினும் பேட்டரியும் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். அதைச் சுமந்துகொண்டு குனிந்து இலையின் அடிப்பக்கம் அடித்துப் பாருங்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் அங்கேதானே உட்கார்ந்திருக்கின்றன?

இதெல்லாம் கூடக் குறையப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு.

வீட்டுத் தோட்டத்து ஸ்பிரேயர் வேலை செய்யும் நேரத்தைவிட மூலையில் சும்மா கிடக்கும் நேரம்தான் அதிகம். அந்தச் சும்மா கிடப்பதுதான் பேட்டரி மெஷினுக்கு எமன். பல மாடல்களில் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் உள்ளே சல்பேட் படிந்து திறன் போய்விடும். பயன்படுத்தாவிட்டாலும் அவ்வப்போது சார்ஜ் போட்டாக வேண்டும். பேட்டரியைக் காப்பாற்றிவிட்டாலும் அடுத்தது மோட்டார் பம்பு. வேப்பெண்ணெய்க் கரைசலை அடித்துவிட்டு அலசாமல் வைத்தால் அதன் பிசுக்கு பம்பின் வால்வுகளில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மோட்டார் உறுமும், தண்ணீர் வராது. அதைப் பிரித்துச் சரிசெய்வது எல்லோருக்கும் கைவராது.

கைப்பம்பில் கெட்டுப்போவது பெரும்பாலும் ரப்பர்தான்: பிஸ்டன் வாஷர், மூடியின் ஓ-ரிங், பம்பின் அடியில் இருக்கும் சின்ன வால்வு. எது கெட்டது என்பதை மெஷினே காட்டிக்கொடுத்துவிடும். காற்றடிக்கும்போது கைப்பிடி தடையே இல்லாமல் லொடலொடவென்று போனால் வாஷர் காய்ந்துவிட்டது, கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் சரியாகும். அடித்துவிட்டுக் கையை எடுத்ததும் கைப்பிடி தானாக மேலே எழும்பி வந்தால் அடி வால்வு மூடவில்லை என்று அர்த்தம். கைப்பிடியோடு இருக்கும் குச்சியை உருவினால் பம்புக் குழாய்க்குள் மருந்துத் தண்ணீர் நிற்கும். வால்வுக்கடியில் ஒரு தூசி சிக்கியிருந்தாலே இப்படி ஆகும், எடுத்துக் கழுவி மாட்டினால் போதும். அழுத்தம் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தால் மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கசியும் இடத்தில் குமிழி வரும். இதற்கெல்லாம் மெக்கானிக் தேவையில்லை. ஒரு விஷயம் மட்டும் முக்கியம்: பிரிப்பதற்கு முன் காற்றை முழுக்க வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து முகத்தில்தான் அடிக்கும்.

அடித்து முடித்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதை நாசில் (மருந்து பீய்ச்சும் முனை) வழியாகவே வெளியேற்றுங்கள். இதை மூன்று முறை செய்ய வேண்டும். டேங்கை மட்டும் அலசினால் குழாயில் நிற்கும் மருந்து அப்படியே இருக்கும். எண்ணெய்க் கரைசல் அடித்த நாளில் முதல் அலசலுக்குச் சோப்புத் தண்ணீர். நாசில் அடைத்தால் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். கம்பியோ ஊசியோ விட்டால் துளை பெரிதாகி, பிறகு நுண்துளி வராது. வாயால் ஊதவே கூடாது. காய்ந்ததும் காற்று ஏற்றாமல், மூடியைத் திறந்து, நிழலில் கவிழ்த்து வையுங்கள். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும், அழுத்தம் தாங்க வேண்டிய டேங்குக்கு அது ஆபத்து.

எதை வாங்கினாலும் களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயர் வைத்துக்கொள்ளுங்கள். 2,4-டி போன்ற களைக்கொல்லிகளின் மிச்சம் கொஞ்சம் இருந்தாலே தக்காளி இலை முறுக்கிக்கொள்ளும்.

லித்தியம் பேட்டரி மாடல்களை நான் இரவல் வாங்கி அடித்ததோடு சரி. எடை நன்றாகவே குறைவு, சும்மா கிடந்தாலும் லெட் ஆசிட் அளவுக்குக் கெடாது. பாதி சார்ஜில் வைப்பது நல்லது என்பார்கள். சொந்தமாக வைத்துப் பார்க்காததால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து மரங்களுக்கு அடிக்க வேண்டியவர்கள் என் பேச்சைக் கேட்காமல் பேட்டரிக்கே போகலாம். கைப்பம்புதான் என்று முடிவு செய்தால், அந்த மாடலுக்கு வாஷர் செட் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் அன்றைக்கே ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். கிடைக்காது என்றால் வேறு மாடல் பாருங்கள்.