சிசிஎன்ஏவா, நெட்வொர்க் பிளஸா, ஜேஎன்சிஐஏவா?

நெட்வொர்க் துறைக்குள் நுழைய நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று சான்றிதழ் தேர்வுகளுக்கு நடுவில் தடுமாறுகிறார்கள்: காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ், சிஸ்கோவின் சிசிஎன்ஏ, ஜுனிப்பரின் ஜேஎன்சிஐஏ. மூன்றுக்கும் முன்தகுதி கட்டாயமில்லை. மூன்றும் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். படித்து முடித்ததும் கையில் மிஞ்சுவதுதான் வேறு வேறு.

நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனத்தின் கருவியையும் சார்ந்ததல்ல. அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம், 720 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. கேபிள் வகைகள், போர்ட் எண்கள், வயர்லெஸ், பழுதைத் தேடும் படிமுறை என எல்லாவற்றையும் தொட்டுச் செல்கிறது. சில செயல்முறைக் கேள்விகளும் உண்டு. ஏற்கெனவே கணினிப் பராமரிப்பில் இருந்துகொண்டு, நெட்வொர்க் பக்கமும் புரிய வேண்டும் என்பவருக்கு இது போதும். ஒரு ரவுட்டரைத் தனியாக அமைத்துக் கொடுக்க வேண்டியவருக்குப் போதாது.

அங்கேதான் சிசிஎன்ஏ வருகிறது. முன்பு ரவுட்டிங், வயர்லெஸ், பாதுகாப்பு எனத் தனித்தனியாக இருந்த சிசிஎன்ஏ சான்றிதழ்கள் பலவற்றுக்குப் பதிலாக, 2020 பிப்ரவரியில் 200-301 என்ற ஒரே தேர்வு வந்தது. நேரம் 120 நிமிடம். ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. 192.168.10.70/26 என்ற முகவரியைப் பார்த்ததும் (முகவரியின் 32 பிட்களில் முதல் 26 நெட்வொர்க்கைக் குறிக்கின்றன என்பதே இந்த /26), அது கடைசி எண் 64இல் தொடங்கி 127இல் முடியும் நெட்வொர்க்கைச் சேர்ந்தது, அதில் 62 கருவிகளுக்கு இடம் உண்டு என்று மனக்கணக்காகச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு தேர்வோடு முடிந்துவிடுவதில்லை. முகவரி ஒதுக்கும்போதும், ஒரு கணினி ஏன் பக்கத்துக் கணினியை எட்டவில்லை என்று தேடும்போதும் இதுதான் கைகொடுக்கிறது.

ஜேஎன்சிஐஏ 65 கேள்விகள் கொண்ட சிறிய தேர்வு. அதன் பின்னால் இருக்கும், ஜுனிப்பர் கருவிகளை இயக்கும் ஜுனோஸ் மென்பொருளின் போக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் சிஸ்கோவின் வழக்கமான ஸ்விட்ச்களில் நீங்கள் அடிக்கும் கட்டளை அடித்த கணமே அமலுக்கு வந்துவிடும். ஸ்விட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்குக்கு விலான் என்று பெயர்; பல விலான்களைச் சுமக்கும் டிரங்க் இணைப்பில் புதிய விலான் ஒன்றை அனுமதிக்கும்போது ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், பழைய பட்டியல் முழுவதும் அழிந்து அந்த ஒரு விலான் மட்டுமே மிஞ்சும். அந்த இணைப்பின் வழியாகவே உள்ளே நுழைந்திருந்தால் உங்கள் வாசலையும் நீங்களே மூடியிருப்பீர்கள். ஜுனோஸில் மாற்றங்கள் முதலில் வரைவாகவே இருக்கும். ‘கமிட்’ கொடுத்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்று கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானாகவே திரும்பிவிடும். இருந்தாலும், ஜுனிப்பர் கருவிகள் உள்ள இடத்தில் வேலை உறுதியானால் தவிர, இதை முதல் சான்றிதழாக எடுக்கச் சொல்லமாட்டேன். சிசிஎன்ஏ முடித்தவருக்கு இரண்டாவதாக இது மிக எளிதில் வசப்படும்.

ஆக, முதல் தேர்வுக்கு என் வாக்கு சிசிஎன்ஏவுக்கே. அதற்கு எப்படித் தயாராவது என்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள்.

வகுப்பில் சேர்ந்தால் ஒழுங்கு கிடைக்கும், சந்தேகம் கேட்க ஆள் இருக்கும். ஆனால் ஆசிரியர் அடிக்கும் கட்டளையைத் திரையில் பார்ப்பது பயிற்சி ஆகாது. தானாகப் படிப்பவருக்கு கணினித் திரையிலேயே நெட்வொர்க்கை அமைத்துப் பழகும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இரண்டு ஸ்விட்ச்களை இணைத்துப் பாருங்கள். இணைப்பின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் ஏறத்தாழ 30 நொடி நின்று, பிறகுதான் பச்சையாகும். கேட்பதற்கு 15 நொடி, கற்பதற்கு 15 நொடி என்ற ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்ச்களுக்கிடையே தகவல் வளையமாகச் சுற்றாமல் தடுக்கும் முறை) பாடம் அந்தக் காத்திருப்பில் மனத்தில் பதிவதுபோல எந்தப் புத்தகத்திலும் பதிவதில்லை.

டம்ப் எனப்படும் கசிந்த கேள்வித்தாள்களைத் தொடவே தொடாதீர்கள். அது தேர்வு விதிமீறல். பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகும். பிடிபடாமல் தேறியவரும், நேர்முகத்தில் “இந்த இரண்டு கணினிகளும் ஏன் பேசிக்கொள்ளவில்லை?” என்று கேட்டால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார்.

தேர்வுக்குப் பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். மூன்று ரவுட்டர்களை ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) வழியாக இணைத்து, நண்பர் ஒருவரிடம் கொடுத்து, உங்களுக்குச் சொல்லாமல் ஏதாவது ஒன்றைக் கெடுக்கச் சொல்லுங்கள். குறிப்பேட்டைப் புரட்டாமல் அரை மணி நேரத்துக்குள் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிந்தால், தேர்வுக்குத் தேதி குறிக்கலாம்.